பள்ளத்தூர் வீட்டுக்குள் போன் வரவில்லை: கம்பெனி மாறுவதா, போனை மாற்றுவதா?

கேள்வி: பலகாரம் செய்பவர், பள்ளத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கிறேன். வீட்டிலேயே மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் எல்லாம் செய்து கொடுக்கிறேன். ஆர்டர் முழுக்கப் போனில்தான் வரும். மூன்று மாதமாக அந்தப் போன்தான் படுத்துகிறது.

கூப்பிடுகிறவர்களுக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று சொல்கிறதாம். நான் எங்கும் போகவில்லை, அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நிற்கிறேன். அரை மணி கழித்து முகப்புக்கு வந்தால், யார் யார் கூப்பிட்டார்கள் என்ற மெசேஜ் மொத்தமாக வந்து விழும். போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் பலகாரம் சொல்ல நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்கவில்லை என்று வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். பத்து வருடமாக என்னிடம் வாங்குகிற வீடு. பணம் போனதைவிட அதுதான் மனதை அறுக்கிறது.

பேசிக்கொண்டே உள்ளே நடந்தால், வளவை (வீட்டின் நடு முற்றத்தை) தாண்டும்போது குரல் அறுந்துவிடுகிறது. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, போனின் முதுகு சுடுகிறது. வாட்ஸ்அப் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது.

போன் 2021-இல் வாங்கிய 4ஜி ஆண்ட்ராய்டு. நம்பர் 2009-இல் வாங்கியது. பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் இந்த நம்பர்தான், அதை விட முடியாது. ரீசார்ஜ் கடையில் "இன்றைக்கே போர்ட் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள், அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறச் சொல்கிறார்கள். உறவுக்காரப் பையன் "போனை மாற்றுங்கள்" என்கிறான். இரண்டுக்கும் செலவழிக்க இப்போது கையில் வசதி இல்லை. எது சரி?

பதில்: செல்போன் சர்வீஸ் கடை, காரைக்குடி

ஆச்சி, இரண்டையும் இன்றைக்குச் செய்யாதீர்கள். கோளாறு சிம்மிலா, போனிலா, வீட்டிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் காசு வேண்டாம், வேறு கம்பெனி சிம் போட்ட இன்னொரு போன் இருந்தால் போதும்.

உங்கள் சிம்மை அந்தப் போனில் போடுங்கள், அந்த சிம்மை உங்கள் போனில் போடுங்கள். இரண்டு போனிலும் வைஃபையை அணைத்துவிட்டு, திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மேலே தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு கணக்கில் காட்டும். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் 'சிம் நிலை' என்று இருக்கும், அதில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக வரும், பக்கத்தில் டிபிஎம் என்று இருக்கும். 4ஜியில் மைனஸ் 90-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் தடுமாறும். மைனஸ் 120 என்றால் அனேகமாக ஒன்றும் இல்லை. மேலே 4ஜி என்று காட்டுகிறதா, 2ஜி அல்லது ஆங்கில எழுத்து 'ஈ' (அதுவும் 2ஜிதான்) காட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2ஜி எண்ணை 4ஜி எண்ணோடு ஒப்பிட வேண்டாம், அளக்கிற விதமே வேறு.

சூடு பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் மெலிந்த இடத்தில் டவரை எட்டுவதற்காகப் போன் தன் முழு பலத்தோடு அலையை அனுப்பும், விட்டுவிட்டுத் தேடிக்கொண்டும் இருக்கும். சார்ஜ் அதில்தான் கரைகிறது. பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் உடனே கடைக்குக் கொண்டு வாருங்கள்.

பதில்: கானாடுகாத்தானிலிருந்து

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சுவர், அதைத் தாண்டி இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று என்று தெருவிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் சிக்னல் செத்துப்போகும். வளவு வானம் பார்த்த முற்றம் என்பதால் அங்கே மட்டும் மேலேயிருந்து கொஞ்சம் இறங்கும். எங்கள் அப்பத்தா விளக்கு வைக்கிற மாடக்குழியில்தான் போனை வைப்பார்கள். மூன்று பக்கமும் சுவர், அதனுள் போன், அப்புறம் மணி எப்படி அடிக்கும்? வளவுத் தூண் பக்கம் ஒரு ஸ்டூலில் வைக்கச் சொன்ன பிறகு பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதி வைஃபை காலிங்கில் தீர்ந்தது. வீட்டு பிராட்பேண்ட் வழியாகவே சாதாரண போன் கால் வரும், அதே நம்பரில். தனிச் செயலி வேண்டாம், கூப்பிடுகிறவர்கள் வேறாக எதுவும் செய்ய வேண்டாம், உள்நாட்டுக் காலுக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. ஜியோ, ஏர்டெல் எல்லாம் 2020 வாக்கிலேயே இதைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் போனில் அந்தப் பொத்தான் இருக்கிறதா?

பதில்: கல்லலிலிருந்து

நான் மாறியவன், அதனால் சொல்கிறேன். எங்கள் தெருவில் என் பழைய கம்பெனிக்கு வீட்டுக்கு வெளியே நின்றாலும் சிக்னல் இல்லை. புகார் கொடுத்தேன், எண் கொடுத்தார்கள், வேலை நடக்கவில்லை. போர்ட் செய்த பிறகு நிம்மதி. அந்த மாதிரி நிலை என்றால் தயங்கவே வேண்டாம்.

முறை சுலபம். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். நம் தமிழ்நாட்டில் அது நான்கு நாள்தான் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மாறுவதற்கு மூன்று வேலை நாள். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. மீதி ரீசார்ஜ் நாட்கள் புதுக் கம்பெனிக்கு வராது, அதனால் பேக் முடியப் போகும்போது செய்யுங்கள். போனில் கூப்பிட்டு அந்தக் குறியீட்டைக் கேட்கிற யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவர்: பள்ளத்தூர்

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரர் சாயங்காலம் வந்ததும் சோதித்துப் பார்த்தோம். அவருடையது வேறு கம்பெனி.

அவருடைய சிம் என் போனில்: திண்ணையில் மைனஸ் 94, வளவில் மைனஸ் 103, இரண்டாம் கட்டில் மைனஸ் 114, அடுப்படியில் மைனஸ் 121, அங்கே அறுந்தே போனது. எல்லா இடத்திலும் 4ஜி என்றுதான் காட்டியது.

என் சிம் அவருடைய போனில்: திண்ணையிலேயே 'ஈ' என்றுதான் காட்டியது. வளவுக்குப் போனாலும் அதே. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம், அங்கேயும் 4ஜி வரவே இல்லை.

என் போனில் வைஃபை காலிங் என்ற பொத்தான் இல்லை. ஆனால் அவருடைய சிம் போட்டபோது அதே போனில் அது தெரிந்தது! எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: செல்போன் சர்வீஸ் கடை, காரைக்குடி

ஆச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. போன் நல்ல போன், மாற்ற வேண்டாம். உங்கள் சிம்மை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு இயந்திரத்தில் வெட்டியது போல வழவழப்பாக இருக்கிறதா, கையால் வெட்டியது போல இருக்கிறதா?

கேட்டவர்: பள்ளத்தூர்

கையால் வெட்டியதுதான். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பொன் நிறத் தகட்டின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இந்தப் போன் வாங்கியபோது, பழைய பெரிய சிம்மைக் கடைக்காரர் ஸ்டேப்ளர் மாதிரி ஒன்றை வைத்து அமுக்கி வெட்டிக் கொடுத்தார். சிம் 2009-இல் வாங்கிய அதேதான்.

பதில்: செல்போன் சர்வீஸ் கடை, காரைக்குடி

அதுதான் விஷயம். அந்தக் காலத்து 2ஜி சிம்மால் 4ஜியில் பதிவாக முடியாது, அதற்கு வேண்டிய வசதி அதில் இல்லை. வாட்ஸ்அப் வீட்டு வைஃபையில் ஓடியதால் உங்களுக்கு இத்தனை நாள் வித்தியாசம் தெரியவில்லை. 2ஜிக்கென்று இருந்த அலைவரிசையைக் கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாக 4ஜிக்குத் திருப்பிவிட்டார்கள், மீதி இருக்கிற சிறிய பாதையில்தான் உங்கள் கால்கள் முட்டிக்கொண்டு வருகின்றன. 4ஜி கால், வைஃபை காலிங் இரண்டும் இந்த சிம்மில் வராது, அதனால்தான் பொத்தானே தெரியவில்லை.

இப்போது ரீசார்ஜ் கடையில் சொன்னபடி போர்ட் செய்தீர்கள் என்று வையுங்கள். அவர்கள் புது 4ஜி சிம் கொடுப்பார்கள், போன் சரியாகிவிடும். கம்பெனி மாறியதால் சரியானது என்று நினைப்பீர்கள். உண்மையில் சரி செய்தது புது சிம்.

அதனால் இப்போதைய கம்பெனியின் சொந்தக் கடைக்கே ஆதாரோடு போய், அதே நம்பருக்குப் புது சிம் கேளுங்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் மெசேஜ் வராது, போகாது. பேங்க் ஓடிபி ஒன்றும் வராது, யூபிஐ செயலி திரும்பப் பதிவு செய்யச் சொல்லலாம். ஆர்டருக்குப் பணம் வர வேண்டிய நாளில் மாற்றாதீர்கள். இன்னொன்று, சிம் மாற்றிய ஏழு நாளுக்குப் போர்ட் குறியீடு கிடைக்காது. நம்பரைத் திருடுகிறவர்களைத் தடுப்பதற்காக 2024 ஜூலையிலிருந்து இருக்கிற விதி. உங்களுக்கு அது நல்லதுதான், அந்த ஏழு நாளைச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் 4ஜி மைனஸ் 105-க்குள் இருந்தால் இருந்துவிடுங்கள். அதைவிட மோசமாக இருந்தால், கல்லல் அண்ணன் சொன்னபடி மாறிவிடுங்கள், வீட்டுக்காரருடைய கம்பெனி உங்கள் தெருவில் எப்படி என்று ஏற்கெனவே அளந்தாகிவிட்டது.

பதில்: கானாடுகாத்தானிலிருந்து

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வைஃபைக்கும் அதே சுவர்தான். ரவுட்டர் முகப்பில் இருந்தால் அடுப்படிக்கு வராது. நாங்கள் வளவுத் தாழ்வாரத்து ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து, இரண்டாம் கட்டில் இன்னொரு சின்ன ரவுட்டர் வைத்தோம். சுவரில் துளை போடவில்லை, கதவு நிலைக்கு மேலே இருக்கிற இடைவெளி வழியாகவே கேபிள் போனது. இரண்டு பெயர் தெரிந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பிடியுங்கள், 5-ஐவிட அது சுவரைத் தாண்டும்.

கேட்டவர்: பள்ளத்தூர், பத்து நாள் கழித்து

செவ்வாய்க்கிழமை காரைக்குடி போய் சிம் மாற்றினேன். அன்றைக்குக் கையில் ஆர்டர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். இரண்டு மணி நேரத்தில் 4ஜி வந்துவிட்டது. மறுநாள் மதியம்தான் மெசேஜ் வந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே.

திண்ணையில் மைனஸ் 97, வளவில் மைனஸ் 106. இரண்டாம் கட்டில் சிக்னல் மெலிந்தாலும், வைஃபை காலிங் பொத்தான் வந்துவிட்டதால் கவலை இல்லை. கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டரும் வைத்தாகிவிட்டது. நேற்று அதிரசப் பாகு கையில் ஒட்டியிருக்க, அடுப்படியில் நின்றபடியே ஸ்பீக்கரில் சிங்கப்பூரிலிருந்து வந்த போன் காலை எடுத்தேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு சார்ஜ் முப்பது சதவீதம் மீதி இருந்தது.

போர்ட் செய்யவில்லை. தேவகோட்டை வீட்டுக்கு நானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், தீபாவளிக்குத் தேன்குழல் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்து, அடுப்படியில் திரும்பவும் பழைய நிலைதான். அதற்கு வழி உண்டா?

பதில்: செல்போன் சர்வீஸ் கடை, காரைக்குடி

உண்டு ஆச்சி. ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், உள்ளங்கை அளவுதான் இருக்கும். ரவுட்டர் அடாப்டரின் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அதற்குப் பொருத்தமானதை வாங்குங்கள். இரண்டு ரவுட்டருக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும். பிராட்பேண்ட் கேபிள் வந்து சேருகிற வெள்ளைப் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.