சூட்டில் தொய்யும் மாலிப்டினம், தொய்யாத டிஇசட்எம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேக்குவம் ஃபர்னஸில் (காற்று நீக்கிய உலை) சுத்த மாலிப்டின உலோகத் தட்டுகளை அடுக்கி 1200 டிகிரி செல்சியஸில் பல சுற்று ஓட்டினோம். உருகுநிலை 2623 டிகிரி ஆயிற்றே, தொய்யாது என்று பலரும் நம்புகிறார்கள். கெல்வினில் கணக்குப் போட்டால் 1200 டிகிரி என்பது உருகுநிலையில் பாதி. க்ரீப், அதாவது சூட்டில் சுமையின் கீழ் உலோகம் மெல்ல மெல்ல உருமாறுவது, தாராளமாக நடக்கும் இடம். தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் கண்ணாடி மாதிரி உடைகிறது, ஏனென்றால் சூட்டில் கிரெயின்கள் (உலோகத்துக்குள் இருக்கும் படிகமணிகள்) புதிதாக உருவாகிப் பெருத்துவிட்டன. அதே சுமையோடு பக்கத்தில் இருந்த டிஇசட்எம் (மாலிப்டினக் கலப்புலோகம்) தட்டு நேராகவே நின்றது. அதில் சேர்ந்திருப்பது அரை சதவீதம் டைட்டானியம், 0.08 சதவீதம் ஜிர்கோனியம், துளி கார்பன், அவ்வளவுதான்! மற்றவர்கள் என்ன பார்த்தீர்கள்?

பதில் 1

அந்தத் துளி கார்பன்தான் விஷயம். அதனால் உருவாகும் நுண்ணிய கார்பைடு துகள்கள் டிஸ்லொகேஷன்களை, அதாவது நகர்ந்து உலோகத்தை உருமாற்றும் படிகக் குறைகளை, மறிக்கின்றன. நான் ஹாஃப்னியம் கார்பைடு சேர்த்த டங்ஸ்டன்-ரீனியம் கம்பிகளில் க்ரீப் சோதனை செய்பவன். சுமை குறைவாக இருக்கும்போது கம்பி நீளவே மாட்டேன் என்கிறது; ஓர் அளவைத் தாண்டினால் திடீரென்று வேகம் எடுக்கிறது. வேகத்துக்கும் சுமைக்கும் வரைபடம் போட்டால் சுத்த உலோகத்தைவிடச் சாய்வு மிகச் செங்குத்தாக வரும். ஆனால் நெடுநேரச் சூட்டில் துகள்கள் பருத்து, எண்ணிக்கை குறைந்து, தடுப்பும் தளர்கிறது. ஆகவே குறுகிய நேரச் சோதனையை வைத்து ஆயுளைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அப்புறம், மாலிப்டினம் சோதிப்பவர்கள் ஃபர்னஸின் குளிர்ந்த சுவரில் ஆக்சைடு படிவு இருக்கிறதா என்று பாருங்கள். மாலிப்டினம் ட்ரைஆக்சைடு 795 டிகிரியிலேயே உருகும், ஆவியாகவும் பறக்கும். காற்றுக் கசிவு இருந்தால் நீங்கள் அளப்பது க்ரீப் மட்டும் அல்ல, கம்பி மெலிவதும் சேர்ந்துதான்.

பதில் 2

துகளே வேண்டாம், குமிழி போதும் என்று காட்டியது பல்பு இழை. அலடார் பாட்ஸ் 1922-இல் காப்புரிமை பெற்ற தொய்யாத டங்ஸ்டனில் வேலை செய்வது பொட்டாசியம். அது டங்ஸ்டனில் கரையாது. உடைந்த இழையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது கம்பியின் நீளவாக்கில் பொட்டாசியக் குமிழிகள் வரிசை கட்டி நின்றன. கிரெயின் எல்லை குறுக்கே நகர்வதை அவை தடுப்பதால், கிரெயின்கள் நீண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கிரெயின்கள் எல்லை வழியே வழுக்க இடம் குறைவு.

சரி, தட்டுக்கு வருவோம். லாந்தனம் ஆக்சைடு சேர்த்த மாலிப்டினம் கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள். வாங்கும்போது உருட்டிய திசையைக் கேட்டு, தாங்கிகளுக்கு இடையிலான நீளம், கிரெயின்கள் நீண்டிருக்கும் அந்தத் திசையில் வருமாறு வெட்டுங்கள்.