புதிய டயர் மாட்டிய பின் மைலேஜ் குறைவது இயல்பா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பெட்ரோல் ஸ்விஃப்ட் காரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) பெரும்பாலும் தேய்ந்துபோன 185/65 ஆர்15 டயர்களைக் கழற்றிவிட்டு, வண்டி சற்று உயரமாக நிற்கட்டும் என்று 195/65 ஆர்15 அளவில் நான்கையும் புதிதாக மாட்டினேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, அதே சாலையில், அதே வேகத்தில், இப்போது 18.5-ஐத் தாண்டுவதில்லை. முன்பும் இப்போதும் டேங்க்கை முழுவதும் நிரப்பி, மறுபடி நிரப்பும்போது பிடித்த பெட்ரோலையும் மீட்டரில் ஏறிய தூரத்தையும் வைத்துத்தான் கணக்கிட்டேன். புதிய டயருக்கு மைலேஜ் கூடும் என்று கடையில் சொன்னார்கள். டயர்களை மாற்றித் தரக் கேட்கலாமா?

பதில் 1:
முதலில் தூரக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். காரின் மீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கித்தான் கிலோமீட்டரைக் காட்டுகிறது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் புதிதில் சுமார் 621 மி.மீ.; பட்டன் 6 மி.மீ. தேய்ந்திருந்தால் இரு பக்கமும் சேர்த்து 12 மி.மீ. போய் 609 ஆகியிருக்கும். தாங்கள் மாட்டியிருப்பது 634 மி.மீ. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வண்டி முன்பைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது; மீட்டரோ பழைய கணக்கையே போடுகிறது. பழைய 20-ஐ இன்றைய டயரின் கணக்குக்கு மாற்றினால் 19.2 தான் வரும். குறைந்த 1.5-இல் பாதிக்குமேல் மீட்டரின் வேலை. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டால் 50 கிலோமீட்டருக்கு மீட்டர் ஏறக்குறைய ஒன்று குறைத்துக் காட்டக்கூடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி; மீதமுள்ள 0.7 மட்டும் உண்மையான செலவு. டயர் உருளும்போது தரையைத் தொடும் ரப்பர் நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பாமல் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. நெடுந்தூரம் ஓடி நிறுத்தியதும் டயரைத் தொட்டால் சூடாக இருப்பது இதனால்தான். புதிய டயரில் பட்டன் 7, 8 மி.மீ. உயரம் இருப்பதால் நசுங்கும் ரப்பரும் அதிகம், இழப்பும் அதிகம். ரோலிங் ரெசிஸ்டன்ஸ் எனப்படும் இந்த உருளும் தடை தேயத் தேயக் குறைந்து, புதிதில் 100 என்றால் கடைசியில் 80 வரை இறங்கலாம். அதில் 10 சதவீத மாற்றம் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் வரை தெரியும். தங்கள் கணக்கு இதற்குள் அடங்குகிறது.

கடைக்காரர் சொன்னது, ரோலிங் ரெசிஸ்டன்ஸ் குறைந்த ஒரு புதிய டயரை வேறொரு புதிய டயரோடு ஒப்பிட்டால் மட்டுமே பொருந்தும். தேய்மானத்தைக் காட்டப் பள்ளத்துக்குள் வைத்திருக்கும் 1.6 மி.மீ. மேடு வெளியே தெரியும் அளவுக்குப் பட்டன் தேய்ந்த நிலையில்தான் டயர் சிறந்த மைலேஜ் தரும். மழையில் பிரேக் பிடிக்க அதைவிட மோசமான டயரும் கிடையாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் டயரைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. காற்று, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமா?

பதில் 2:
கட்டாயம் பாருங்கள். டயர் மாட்டும் இடத்தில் பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் காற்று அடித்து அனுப்பிவிடுவார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் வையுங்கள். காற்றழுத்தம் 5 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் ஒரு சதவீதம் போகும். பட்டன்மேல் குறுக்காக உள்ளங்கையைத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் கூராகவும் தட்டுப்பட்டால், உடனே அலைன்மென்ட் செய்துவிடுங்கள்.