ஒளியூக்கியா, ஒளியியங்கு ஊக்கியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஐயா, நேற்றைய உங்கள் பதிலுக்கு நன்றி. ஒளி பட்டதும் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தி, தான் மட்டும் செலவாகாமல் இருக்கும் பொருளுக்கு (photocatalyst) ஒளிவினையூக்கி என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்க, ஒளியியங்கு ஊக்கி என்று இன்னொரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வட்டார நூலகத்தில் உயர்நிலை மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரிடம் தமிழில் வேதியியல் பேசப் போயிருந்தேன். சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ்க் கலைச்சொல் ஒன்றைக் கேட்டால், பாடநூலில் பார்த்த நினைவு அவர்களுக்குத் துணைக்கு வராது. சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் பொருள் எடுப்பார்கள். பையிலிருந்து 2 வெள்ளி நோட்டை எடுத்து, இதுவும் பாலிமர்தான், சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள், பெயர் பாலிபுரொப்பிலீன், இந்தப் பொருள் நம் ஜூரோங் தீவிலும் தயாராகிறது, அதற்கான ஊக்கிக்கு வெளிச்சம் தேவையில்லை என்றேன். வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும் ஊக்கிகளும் உண்டு, அவற்றுக்குச் சுருக்கமாக ஒளியூக்கி என்று பெயர் என்றும் சொன்னேன். ஒரு மாணவி, "அது லைட்டை இன்னும் பிரகாசமாக்குமா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன், "பல் அடைக்கும்போது நீல லைட் அடிப்பாங்களே, அந்தப் பசையில இருக்கிறது இதுதானா?" என்றான்.

இரண்டுமே நல்ல கேள்விகள். தவறு நான் கொடுத்த சொல்லில்தான் இருந்தது.

மாணவி ஒளியூக்கியை ஒளியை ஊக்குவது என்று பிரித்திருக்கிறாள். இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. மின்விசிறியை யாரும் மின்சாரத்துக்கு விசிறுவது என்று எண்ணுவதில்லையே என்று நீங்கள் எழுதியது சரி. ஆனால் விசிறியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், பொருள் தெரிந்தபின் சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. இங்கே சொல்தான் முதலில் வருகிறது.

பையனின் கேள்வி என்னை இன்னும் அதிகம் யோசிக்கவைத்தது. பல் அடைக்கும் பசையில் பொதுவாக இருப்பது கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள். 470 நானோமீட்டர் வாக்கில் உள்ள நீல ஒளியை அது உறிஞ்சுகிறது, கூட இருக்கும் அமைன் என்ற சேர்மத்தோடு வினைபுரிகிறது, தனியுறுப்புகள் என்ற, வினைக்குத் துடிக்கும் துணுக்குகள் உண்டாகின்றன, பசை சில நொடிகளில் இறுகுகிறது. அந்த வேலையில் அது செலவாகிவிடும். மஞ்சள் நிறம் வெளுப்பதும் அதனால்தான். அடுப்பைப் பற்றவைத்த தீக்குச்சி மாதிரி. இதற்கு ஒளித்தொடக்கி என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஊக்கி அப்படிச் செலவாவதில்லை. 2012இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஃபோர்ஸ், ஹாக்கர் இருவரும் இரிடியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஒன்றை வைத்துச் செய்த வேலையைப் பாருங்கள். இரிடியச் சேர்மம் ஒளியை வாங்கிக் கிளர்வுறுகிறது. சங்கிலியின் முனையில் புரோமின் அணுவோடு உறங்கிக்கொண்டிருக்கும் மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. முனை விழித்துக்கொள்கிறது, சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகளான ஒற்றைப்படிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் புரோமின் திரும்பி வந்து ஒட்ட, இரிடியமும் தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெற்றுப் பழைய நிலைக்கு வந்து அடுத்த ஒளித்துகளுக்குக் காத்திருக்கிறது. விளக்கை அணைத்தால் வளர்ச்சி நிற்கும், மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சங்கிலி எவ்வளவு நீளம் என்பது நம் கைக்குள் இருக்கிறது. மிகச் சிறிய அளவு ஊக்கியே போதும். 2014இல் சிட்னியில் சிரில் போயரின் குழு இதே இரிடியச் சேர்மத்தைப் பத்து லட்சத்தில் சில பங்கு அளவில் வைத்து, வேறு வகைச் சங்கிலி முனைகளைக் கொண்டு செய்து காட்டியது. அடுத்த ஆண்டே பச்சையத்தையும் ஊக்கியாக்கினார்கள், சிவப்பு ஒளியில். இலைக்குள் ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும் அதே பச்சையம்! இதைச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஒளிவினையூக்கியை ஒளிவினை + ஊக்கி என்று பிரித்தால், ஒளியால் நடக்கும் வினையை ஊக்குவது. அப்படியானால் பல் பசையில் இருப்பதும் அதற்குள் வந்துவிடுகிறது, பையனுக்கு நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒளி + வினையூக்கி என்று பிரித்தால் ஒளியே ஊக்கி என்றாகிறது. அதுவும் பொருந்தவில்லை, ஏனென்றால் இந்த வினையில் செலவாவது ஒளிதான்.

அதனால் என் முன்மொழிவு ஒளியியங்கு ஊக்கி. தானியங்கி நமக்குப் பழகிய சொல், அதன் தடத்திலேயே இது போகிறது. ஒளியால் இயங்குகிறது, ஊக்கியாகவே இருக்கிறது. தொடக்கி வேறு, ஊக்கி வேறு என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'யியி' என்று வருவது நாக்கில் கொஞ்சம் உரசத்தான் செய்கிறது. ஒளியேற்பூக்கி என்றும் முயன்று பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் அதில் பூதான் முதலில் காதில் விழுகிறது. ஒளிமுடுக்கி வேண்டாம், முடுக்கியைத் துகள் இயற்பியல் எடுத்துக்கொண்டுவிட்டது.

வினையூக்கி என்று முழுதாகப் போடாததற்கும் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது: தமிழகத்தில் வினை என்பதை இலங்கைப் பாடநூல்கள் தாக்கம் என்கின்றன, ஊக்கி என்று மட்டும் சொன்னால் இரு பக்கமும் புரியும். இங்கே இரண்டு ஊர்ப் பெற்றோரும் ஒரே புளோக்கில் குடியிருக்கிறோம், சொல்லும் இரு வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். அண்ணாவிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். எலக்ட்ரான் கைமாறும் வினையை நாங்கள் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்று நீட்டி முழக்குகிறோம். இலங்கையில் தாழ்த்தேற்றம், ஒரே சொல். இரிடியம் போன்றவற்றைக் குறிப்பாகச் சொல்ல ஒளித்தாழ்த்தேற்ற ஊக்கி என்று அழகாக வந்துவிடும்.

பாலிமருக்குத் தமிழில் பலபடியா பல்பகுதியமா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. நோட்டைக் காட்டும்போது பாலிமர் என்றேன், எல்லாருக்கும் புரிந்தது. பாலிமர் உண்டாகும் வினைக்குப் பாலிமராக்கம் போதும்.

ஒன்றே ஒன்று பாக்கி. புரோமினோடு அடங்கிக் கிடக்கும் முனைக்கு உறங்குமுனை என்று எழுதி வைத்திருக்கிறேன். அக்கா அதைத் துயில்முனை என்று மாற்றச் சொல்கிறார். எனக்கு உறங்குமுனைதான் பிடித்திருக்கிறது, அது விழிக்கும் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். அடுத்த அமர்வு வரும் சனிக்கிழமை. சிம் லிம் டவரில் நீல எல்இடி பட்டை வாங்கிவிட்டேன், பலகையில் எழுதும் சொற்களை மட்டும் வியாழனுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஐயா, ஒளியியங்கு ஊக்கியில் உங்களுக்கு இன்னும் மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்