செய்தித் தளங்கள் கூட்டுச் சேர்ந்தால் பிழைக்குமா?

வைகைக்கரை:
2024 மார்ச் 14 இரவு, கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரங்களின் பட்டியல்கள் வெளியானது ஞாபகம் இருக்கும். பத்திரம் வாங்கியவர்கள் 337 பக்கம், அதைப் பணமாக்கிய கட்சிகள் 426 பக்கம். எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்கும் எண் அதில் கிடையாது, அது ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. அந்த மலையைத் தோண்ட நியூஸ்லாண்ட்ரி, ஸ்க்ரோல், நியூஸ் மினிட் என்ற மூன்று ஆங்கிலச் செய்தித் தளங்களும் சில தனி நிருபர்களோடு கை கோத்தன. தனித்தனியாக முயன்றிருந்தால் ஆள் பத்தியிருக்காது. இணைய விளம்பரக் காசில் பெரும்பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்கின் மெட்டாவுக்கும் போய்விட்ட காலத்தில் சின்னத் தளங்களுக்கு வேறு வழியில்லை என்பது என் வாதம். நியூஸ்லாண்ட்ரியும் நியூஸ் மினிட்டும் சேர்த்து விற்கிற கூட்டுச் சந்தாவை நான் கட்டுகிறேன். நீங்கள்?

கறார்பேர்வழி:
நான் கட்டவில்லை. அந்த மூன்றில் தமிழ்த் தளம் ஒன்றாவது உண்டா? பட்டியலில் முதலிடம் நம் கோவை மார்ட்டினின் லாட்டரி கம்பெனிக்கு, 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கும் மேல் திமுகவுக்கு வந்தது. இவ்வளவு பெரிய உள்ளூர்ச் சரக்கைத் தமிழ் வாசகர் இன்னொரு மொழித் தளத்துக்குச் சந்தா கட்டித்தான் படிக்க வேண்டுமா? அப்புறம், சந்தா கட்டுகிறவர் ஏற்கெனவே அவர்கள் கருத்தோடு ஒத்துப்போகிறவர். அவர் மனம் நோகும்படி நாளைக்கு எழுதுவார்களா?

வைகைக்கரை:
மனம் நோகும் என்று எழுதாமலிருப்பது விளம்பரம் வாங்குகிறவர்களிடம்தான் அதிகம், நண்பரே. முழுப்பக்க அரசு விளம்பரம் வந்த மறுநாள் அந்தத் துறையைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடிப் பாருங்கள். கூட்டு என்பதும் புதுசு இல்லை. பிடிஐ செய்தி நிறுவனம் 1947 ஆகஸ்டில் சென்னையில்தான் பதிவானது. பத்திரிகைகளே பங்குதாரர்கள், லாபம் பிரித்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் அதற்கும் நூறு வருடம் மூத்தது.

கறார்பேர்வழி:
நல்ல உதாரணமாகப் பார்த்து எடுத்தீர்கள். அந்தப் பிடிஐயின் பெரிய சந்தாதாரர்களில் ஒன்றாக இருந்தது, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி. 2020இல் பிடிஐ எடுத்த ஒரு பேட்டி பிடிக்காமல் முறைத்துக்கொண்டது, அதே வருடம் சந்தாவை நிறுத்தியது. பத்திரிகைகள் சேர்ந்து தொடங்கிய இன்னொரு செய்தி நிறுவனம் யுஎன்ஐ. 2023இல் அது திவால் வழக்கில் நின்றது. இணையத் தளங்கள் கதையும் வேறில்லை. தனவந்தர்கள் சேர்ந்து நிதி கொடுக்க 2015இல் பெங்களூரில் ஓர் அறக்கட்டளை வந்தது, ஐபிஎஸ்எம்எஃப். பல தளங்கள் அதில் நிதி வாங்கின. 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை அதன் வாசலில் நின்றது. ஒரே குழாயில் பத்து வீடு தண்ணீர் பிடித்தால், குழாயை மூடினால் பத்து வீடும் காயும்.

ஜெர்மன்கார்த்தி:
அதனால்தான் பணம் வாசகரிடமிருந்து வர வேண்டும். இங்கே பெர்லினில் டாட்ஸ் என்ற நாளிதழ் 1992 முதல் கூட்டுறவுச் சங்கமாக இருக்கிறது. உரிமையாளர்கள் இருபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் வாசகர்கள். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். நம் ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கம் மாதிரி என்று வையுங்கள்.

கறார்பேர்வழி:
நம் ஊர்ச் சங்கத் தேர்தல்களைப் பார்த்துவிட்டுமா சொல்கிறீர்கள்!

தாலுகாநிருபர்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது சார், யாரும் சொல்லித் தரவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். வாசலில் போலீஸ்காரர் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார், அங்கே ஆரம்பிக்கும் எங்கள் நாள். நாங்கள் ஆறு பேர், ஆறு பத்திரிகை. ஆறு பேரும் போக மாட்டோம், முறை வைத்து ஒருவர் போவார். படமும் குறிப்பும் பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில் விழும், மற்ற ஐந்து பேரும் தலைப்பை மாற்றி அனுப்புவோம். சோம்பேறித்தனம் இல்லை. செய்திக்குக் கிடைப்பது பெட்ரோலுக்குக் காணாது. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்தால் வரும் கமிஷன்தான் வருமானம். ஜவுளிக்கடை முதலாளியிடம் நிற்கவே நேரம் சரியாக இருக்கும்.

ஒருமுறை, போனவர் ஊர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார். மறுநாள் ஆறு பத்திரிகையிலும் அதே தப்பு. இன்னொன்று இதைவிட மோசம். பட்டா பெயர் மாற்றத்துக்கு ஏழாவது முறையாக வந்திருந்த ஒரு பாட்டி காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அன்று என் முறை. மக்கள் தொடர்பு அதிகாரி (பிஆர்ஓ) கொடுத்த 'மொத்தம் இத்தனை மனுக்கள்' குறிப்பை அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆறு பேரும் போயிருந்தால் ஒருவராவது அவரிடம் பேசியிருப்பார்.

கறார்பேர்வழி:
இதைத்தான் சொல்கிறேன். கூட்டு என்றால் கடைசியில் ஒரே கண்.

வைகைக்கரை:
இல்லை, இரண்டும் வேறு. பத்திரப் பட்டியலில் மூன்று தளம் சேர்ந்தது தனியாக முடியாத வேலையைச் செய்ய. இவர்கள் ஆறு பேர் சேர்ந்தது, செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு வயிற்றுப்பாட்டைப் பார்க்க. அண்ணன் மேல் குற்றம் சொல்லவில்லை, சம்பளம் கொடுக்காதவர்கள்மேல்தான் சொல்கிறேன்.

ஜெர்மன்கார்த்தி:
சம்பளத்துக்கு இணைய நிறுவனங்களிடம் சேர்ந்து பேரம் பேசலாமே? செய்திக்கு இணைய நிறுவனங்கள் காசு தர வேண்டும் என்று கனடாவில் சட்டம் போட்டு, கூகுள் வருடத்துக்கு 10 கோடி கனடா டாலர் தர ஒப்புக்கொண்டது.

கறார்பேர்வழி:
அதே சட்டத்துக்கு மெட்டா என்ன செய்தது? 2023 ஆகஸ்டில் கனடா முழுக்க ஃபேஸ்புக்கில் செய்தியையே எடுத்துவிட்டது. சரி, இங்கே காசு வந்தாலும் பெரிய குழுமங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். தாலுகாநிருபருக்கு என்ன வரும்?

தாலுகாநிருபர்:
எனக்கு வருவது இருக்கட்டும். ஆறு பத்திரிகையும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கட்டும். மனுக் கணக்கு, விபத்து, பிஆர்ஓ குறிப்பு எல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு திசையில் போகிறோம். அந்தப் பாட்டியின் ஊர் எனக்குத் தெரியும்.

கறார்பேர்வழி:
அந்த ஆளுக்கு நியமனக் கடிதம் எந்தப் பத்திரிகை பெயரில் கொடுப்பார்கள்?

தாலுகாநிருபர்:
எனக்கே இன்னும் கொடுக்கவில்லை சார், பதினோரு வருடம் ஆகிறது.