கொய்யாப் பதியம் வேர் விடவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

அப்பா வைத்த கொய்யா மரம். வீட்டை இடித்துக் கட்டுவதால் தை மாதத்துக்குள் வெட்டியாக வேண்டும். விதை போட்டால் அதே ருசியில் காய்க்கும் என்று நம்ப முடியாது. அதனால் பதியம்தான்.

முதலில் குச்சி வெட்டி நட்டேன். துளிர் வந்தது, மூன்றாம் வாரம் காய்ந்துபோனது. குச்சியில் இருந்த சத்தில் துளிர்த்திருக்கிறது, கீழே வேரே இல்லை. (முருங்கைக்கு இந்தப் பாடே கிடையாது, போத்தை ஊன்றினால் போதும்!)

அப்புறம் விண்பதியம், அதாவது கிளையை வெட்டாமல் மரத்திலேயே வைத்து வேர் விட வைப்பது. பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னை நார்க்கழிவு வைத்து, பாலித்தீன் தாள் சுற்றிக் கட்டினேன். 50 நாள் கழித்துப் பிரித்தால் மேல் விளிம்பில் வெள்ளையாக ஒரு புடைப்பு மட்டும். ஒரு பக்கம் பட்டை மறுபடி கூடிவிட்டது. இலையில் உண்டாகும் உணவு கீழே இறங்காமல் அங்கேயே தேங்கினால்தான் வேர் வரும் என்பார்கள். உரித்த இடத்தின் வழவழப்பைச் சுரண்டாமல் விட்டதுதான் தப்போ?

அந்தப் புடைப்பின் மேலேயே மறுபடி கட்டலாமா, புதுக் கிளை பார்க்க வேண்டுமா? நார்க்கழிவுக்குப் பதில் பாசி வைத்தால் தேவலையா? வேர் ஊக்கிப் பொடி ஐபிஏ கொஞ்சமாக எங்கே கிடைக்கும்? கொய்யாவில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.