பெரியப்பாவுக்கு ஆக்சிஜனை ஏன் எடுத்தார்கள்?

கார்த்தி: அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றரை இட்லி சாப்பிட்டார். மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

மல்லிகா அத்தை: அதற்குள் ஏம்ப்பா எடுத்தார்கள்? நேற்று வீடியோ காலில் ரத்த ஆக்சிஜன் அளவு 100 காட்டியது, இப்போது நீ அனுப்பின போட்டோவில் 95தான் இருக்கிறது. பைபாஸ் செய்த உடம்பு, போய்க் கேள்.

முருகேசன் மாமா: கொரோனா சமயத்தில் வாங்கின, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தருகிற கான்சன்ட்ரேட்டர் மெஷின் நம் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனதும் கொண்டுவருகிறேன், ராத்திரியாவது மச்சான் மாட்டிக்கொள்ளட்டும்.

கனிமொழி: மாமா, டாக்டர் சொல்லாமல் அது வேண்டவே வேண்டாம். அத்தை, 95 நல்ல அளவுதான், பொதுவாக 94லிருந்து 98 வரை இருந்தால் போதும். அதை 100 ஆக்கினாலும் ரத்தத்தில் கூடுதலாகச் சேருவது ரொம்பக் கொஞ்சம், நிறைந்த குடத்தில் ஊற்றுகிற மாதிரி. தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களும் சேர்த்துத்தான். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகளும் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். பெரியப்பா பீடி குடித்து வந்தவர் வேறு. பீடியால் நுரையீரல் கெட்டுப்போன சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி நினைவே மங்கிவிடும், அவர்களுக்கு 88லிருந்து 92 வரைதான் வைப்பார்கள்.

மல்லிகா அத்தை: சரிம்மா. ஆனால் ரத்தப் பரிசோதனையில் கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் 1.4 என்று போட்டிருக்கிறதே, ஆபரேஷனுக்கு முன்னால் 1.0 தானே? ஆக்சிஜன் பத்தாமல்தான் கிட்னி கெட்டதா?

கனிமொழி: கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது அத்தை, ஆனால் சும்மா விடக்கூடாது, இரண்டு நாளுக்குள் 0.3 ஏறினாலே டாக்டர்கள் கவனிப்பார்கள். இதயத்தை நிறுத்தி மெஷின் வைத்து ரத்தத்தை ஓட்டும்போது கிட்னிதான் சீக்கிரம் சோர்ந்துபோகும். அதற்கு ஆக்சிஜன் போய்ச் சேர பிபி, ஹீமோகுளோபின், இதயம் பம்ப் பண்ணுகிற பலம் எல்லாம் சரியாக இருக்கணும், மூக்குக் குழாய் மட்டும் போதாது. கார்த்தி அண்ணா, மூத்திரம் எவ்வளவு போகிறது என்று நர்ஸிடம் கேளுங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது போகணும். இன்னொன்று, பெரியம்மா மூட்டுவலிக்குப் போடுகிற டைக்ளோஃபினாக்கைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் கிட்னிக்கு அது பெரிய கெடுதல்.

கார்த்தி: அம்மா பையிலேயே அந்த மாத்திரை இருக்கிறது, இப்போதே எடுத்துவிடுகிறேன். அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த அந்த மூன்று பந்துக் கருவியை அப்பா ஊதிக்கொண்டே இருக்கிறார், ஒரு பந்துகூட எழும்பவில்லை.

கனிமொழி: ஐயோ, ஊதக்கூடாது அண்ணா! குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுக்கணும், பந்து மேலே போனதும் இரண்டு மூன்று விநாடி அப்படியே பிடித்து வைக்கணும். நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்குப் பத்துத் தடவை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலிக்கிறது என்று அடக்கினால் சளி தங்கிவிடும். இப்போது அவர் நுரையீரலை விரிக்க ஆக்சிஜனைவிட இதுதான் வேலை செய்யும்.

முருகேசன் மாமா: சரி, கான்சன்ட்ரேட்டர் இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் நான் வந்து மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்து இழுக்க வைக்கிறேன். கார்த்தி, நீ போய்த் தூங்கு.