புதுப்பிப்பு: ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்ன ஆயிற்று?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நாங்கள் நான்கு தோழிகள் ஞாயிறுதோறும் ஒருத்தி வீட்டில் கூடி, யூடியூப் பார்த்து எண்ணெய், உப்பு குறைத்துச் சமைக்கப் போகிறோம் என்று ஏப்ரலில் எழுதியிருந்தேன். சிலர் கேட்டதால் இது.

முதல் மூன்று வாரம் வீடியோ சொன்னபடியே கீன்வா, அவகாடோ, ஆலிவ் எண்ணெய். அந்தக் காசுக்கு நல்ல இறாலே வாங்கியிருக்கலாம். பார்த்துக்கொண்டே இருந்த தோழியின் மாமியார், “ஏத்தா, வாசல்ல சூடை மீனு வருது, நீங்க எதத் தேடுறீக?” என்றார்.

சரிதானே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்றாலும் நாட்டுப்படகுச் சூடை கிடைத்தது. ஒமேகா-3 உண்டு, முள்ளோடு மென்றால் கால்சியமும். அவர் சொன்ன முறையில் மண்சட்டி, கெட்டிப் புளி, நாலு முண்டு மிளகாய் (2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ச் சரக்கு), இரண்டே கரண்டி நல்லெண்ணெய். தொட்டுக்க முருங்கைக்கீரை. குதிரைவாலிக்கு மட்டும் தண்ணீர் கூடிப்போய்க் கூழாகிவிட்டது. அடுத்த வாரம் ஒன்றுக்கு இரண்டு வைத்தோம், உதிரியாக வந்தது.

தோற்றது உப்பில்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து மூன்று தரம் அலசினோம், அப்படியும் கரித்தது. விட மனசில்லை. வாரம் ஒரு துண்டு என்று பேசி வைத்திருக்கிறோம். போன ஞாயிறு நான் மூன்று தின்றேன்.